காற்றை அளந்த சாதாரண மனிதர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2022 டிசம்பர் 8 ஆம் திகதி பலருக்கு ஞாபகம் இருக்கும். மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்ற நாட்கள். குச்சவெளியில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். வெயில் இல்லை, எலும்பு வரை குளிர். வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் விறைத்துச் செத்து விழுந்தன. இந்தியப் பக்கமிருந்து காற்று அள்ளி வந்த மாசு இலங்கை மேல் படிந்திருக்கிறது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, நாடெங்கும் அரச பாடசாலைகளுக்கு விடுமுறை. வெள்ளத்துக்காக மூடியிருக்கிறோம், சண்டைக்காக மூடியிருக்கிறோம், கொரோனாவுக்காக மூடியிருக்கிறோம். காற்று சரியில்லை என்று பாடசாலை மூடியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

பாடசாலை திறந்ததும் தரம் 9 பிள்ளை ஒன்று கேட்டது:

"காத்து கூடாதெண்டு ஆரு சேர் சொன்ன? என்னத்தால அளந்த?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை.

"நாங்களும் அளக்க ஏலுமா சேர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்க் கிடைத்த வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலில் வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு கதை. பக்தாதில் வைத்தியசாலை கட்ட நல்ல இடம் எது என்று அறிஞர் அர்-ராஸியிடம் கேட்டார்களாம். அவர் நகரத்தின் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் சொன்னாராம். எந்த இடத்தில் இறைச்சி பழுதாகப் பிந்தியதோ அந்த இடத்தைத் தெரிந்தாராம். இதைப் பதிவு செய்தவர் 13 ஆம் நூற்றாண்டின் இப்னு அபீ உஸைபிஆ. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கதையில் வரும் அளுதி வைத்தியசாலை திறக்கப்பட்டது 982 அளவில். அர்-ராஸி வஃபாத்தானது 925 அளவில். கணக்கு ஒத்துவரவில்லை. வேறொரு வைத்தியசாலையாக இருக்கலாம், வெறும் கதையாகவும் இருக்கலாம். கதையைப் பதிந்த அறிஞரே, ராஸி அதற்கு முந்திய காலத்தவர் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார். நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் அனுப்புகிறோம்.

கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் இருக்கும் யோசனை பெரியது. காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்று ஒரு பொருளுக்குச் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியும். அந்தப் பொருள் விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை.

அதே யோசனை 1840களில் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரத்தில் மறுபடி வருகிறது. கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற இரசாயனவியல் பேராசிரியர் 1839 இல் ஓசோன் வாயுவைக் கண்டுபிடித்தார். அதைக் காற்றில் எப்படித் தேடுவது? மாப்பொருளையும் பொற்றாசியம் அயடைட்டையும் தண்ணீரில் காய்ச்சிக் கடதாசியில் பூசினார். ஓசோன் பட்டால் அயடைட்டிலிருந்து அயடீன் பிரியும். அயடீன் மாப்பொருளோடு சேர்ந்தால் கருநீலம். தரம் 7, 8 பிள்ளைகள் சோற்றிலும் மரவள்ளியிலும் செய்து பார்க்கிற அதே சோதனைதான். கடதாசியை நிழலில் தொங்கவிட்டு, பிறகு நனைத்து, நிறத்தை ஓர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் புள்ளி போடுவார்கள். ஐரோப்பாவில் பல ஊர்களில் ஆட்கள் இந்தக் கடதாசியைத் தொங்கவிட்டுக் கொப்பியில் எழுதினார்கள்.

ஆனால் கடதாசி ஈரத்துக்கு ஏமாந்தது. காற்றில் ஈரப்பதன் மாறினால் நிறமும் மாறியது. காற்று வேகமாக வீசினாலும் மாறியது. அதனால் அந்தப் பழைய கொப்பிகளை அப்படியே நம்ப முடியாது. பாரிஸில் மொன்சூரி அவதான நிலையத்தில் 1876 முதல் ஏறக்குறைய 1910 வரை கூடுதல் கவனத்தோடு, கரைசல் மூலம், ஒவ்வொரு நாளும் அளந்தார்கள். நூறு வருடம் கழித்து 1980களில் விஞ்ஞானிகள் அந்தக் கொப்பியைத் திறந்து, அளந்த முறையைத் திரும்பச் செய்து பார்த்து, அந்தக் காலக் காற்றில் ஓசோன் பில்லியனுக்கு 10 பங்கு அளவில்தான் இருந்தது என்று கண்டார்கள். இன்றைய ஐரோப்பாவில் அது இரண்டு மடங்குக்கும் மேல். யாரோ ஒருவர் ஒழுங்காக எழுதிவைத்ததால்தான் இது இன்று தெரிகிறது. ஈரத்தின் கதையை ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் திரும்ப வரும்.

புகைக்கும் அப்படி ஒரு கடதாசி வந்தது. பிரான்ஸ் நாட்டுப் பேராசிரியர் மக்ஸிமிலியன் ரிங்கல்மன் 1888 இல் வெள்ளைக் கடதாசியில் கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தார். கோடு தடிக்கத் தடிக்கக் கட்டம் கறுக்கும்: 20 வீதம், 40 வீதம், 60, 80. சுமார் 15 மீற்றர் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும். புகைபோக்கியிலிருந்து வரும் புகையை அதோடு ஒப்பிட்டு "இரண்டாம் இலக்கம்", "மூன்றாம் இலக்கம்" என்று சொல்லலாம். பிறகு பல நகரங்களின் புகைச் சட்டங்களில் இந்தக் கடதாசி ஏறியது. "கடும் புகை" என்ற பேச்சை நீதிமன்றம் ஏற்காது. "மூன்றாம் இலக்கப் புகை" என்றால் ஏற்கும்.

பிரித்தானியாவில் 1912 இல் காற்று மாசை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். அவர்களுடைய முக்கிய கருவி மழைமானி மாதிரி ஒரு பெரிய கிண்ணம், அடியில் போத்தல். மாதம் முழுக்க விழும் தூசும் மழையும் அதில் சேரும். வடித்து, காயவைத்து, நிறுப்பார்கள். வெள்ளை வடிதாளினூடாகக் காற்றை இழுத்து, தாளில் படியும் கறையின் கருமையைப் பார்ப்பது இன்னொரு முறை.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை நிலக்கரிப் புகை மூடியது. பஸ்ஸுக்கு முன்னால் ஆள் விளக்குப் பிடித்து நடந்தார். நாடக அரங்குக்குள் புகை புகுந்து நிகழ்ச்சி பாதியில் நின்றது. அந்த நாட்களில் மேலதிகமாக இறந்தவர்கள் 4,000 பேர் என்று முதலில் கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. வயோதிபர்கள், நெஞ்சு வருத்தக்காரர்கள், குழந்தைகள். காய்ச்சல் பரவியது, குளிர் கூடியது என்று வேறு காரணங்களும் சொல்லப்பட்டன. ஆனால் புகை ஏறிய நாட்களின் கோட்டையும் மரணம் ஏறிய நாட்களின் கோட்டையும் ஒரே தாளில் வரைந்தபோது இரண்டும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது.

இது வரை அளந்தவர்கள் பேராசிரியர்களும் அரசாங்கமும். இனித்தான் எங்களைப் போன்ற ஆட்கள் வருகிறார்கள்.

1994 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ரோடியோ என்ற ஊரில் ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து இரண்டு வாரத்துக்கும் மேலாக இரசாயனம் கசிந்தது. மக்களுக்குத் தலைசுற்று, வாந்தி. அதிகாரிகளோ தங்கள் கருவியில் பிரச்சினை எதுவும் தெரியவில்லை என்றார்கள். மக்களுக்காக வழக்காடிய எட் மாஸ்ரி என்ற சட்டத்தரணிக்கே ஊருக்குள் போனபோது சுகமில்லாமல் போனது. அந்தக் காலத்தில் காற்று மாதிரி எடுக்கப் பாவித்த உருக்குக் குப்பி ஒன்று ஏறக்குறைய 2,000 டொலர். அதே வேலையைச் சாதாரண ஆட்கள் செய்யக்கூடிய மலிவான கருவி ஒன்று வேண்டுமென்று அவர் பொறியியலாளர்களிடம் கேட்டார். அவர்கள் செய்து கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

மூடி போட்ட, 20 லீற்றர் அளவான வாளி. உள்ளே இரசாயனம் ஒட்டாத விசேட பை. பையின் வாய் ஒரு குழாயால் வெளியே வரும். சிறிய பம்பியால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், பை எங்கள் நுரையீரல் மாதிரி விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். சில நிமிட வேலை. பையை மூடி, மூன்று நாளைக்குள் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். வாளி மலிவு. ஆய்வுகூடக் கட்டணம்தான் செலவு.

இந்த வாளியை டெனி லார்சன் என்ற செயற்பாட்டாளர் ஊர் ஊராகக் கொண்டுபோனார். லூசியானா மாநிலத்தில் நோர்கோ என்ற இடம். எண்ணெய் நிலையத்துக்கும் இரசாயனத் தொழிற்சாலைக்கும் நடுவில் நான்கு தெருக்கள், அதில் கறுப்பின மக்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மார்ஜி ரிச்சர்ட் ஓர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. வாளியோடும் கொப்பியோடும் வருடக்கணக்கில் நின்றார்கள். 2002 இல் நான்கு தெருக்காரரையும் விலை கொடுத்து வேறிடத்தில் குடியேற்ற நிறுவனம் சம்மதித்தது. 2004 இல் அந்த ஆசிரியைக்கு கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. ஆசிரியர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அதே 2004 இல் அந்த வாளி தமிழ் பேசத் தொடங்கியது. எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம், குச்சவெளியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தில், தமிழ்நாட்டின் கடலூரில்.

கடலூரில் உப்பனாற்றின் கரையில் 1980களிலிருந்து சிப்காட் என்ற அரச தொழிற்பேட்டை இருக்கிறது. மருந்து, சாயம், பூச்சிகொல்லி, இரசாயனத் தொழிற்சாலைகள். சுற்றிவர ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், சொன்னஞ்சாவடி போன்ற மீனவ, விவசாயக் கிராமங்கள். இரவில் நாற்றம், கண் எரிச்சல், பிள்ளைகளுக்கு மூச்சுத்திணறல். முறைப்பாடு செய்தால் அதிகாரி வருவதற்குள் காற்று திரும்பிவிடும். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் விசாரித்து 2003 இல் அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு ஊர் மக்களே சேர்ந்து "சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்" என்ற குழுவாக இயங்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் வாளியால் காற்று பிடித்த முதல் ஊர்க் குழு இவர்கள்தான்.

இவர்களிடம் என்னைக் கவர்ந்தது வாளியை விடக் கொப்பி. வாளியை நினைத்த நேரமெல்லாம் திறக்க முடியாது, ஒவ்வொரு பைக்கும் காசு. அதனால் முதல் கருவி மூக்கு. நாற்றம் வந்தால் நேரம் எழுத வேண்டும். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, எந்த மதிலுக்குப் பக்கத்தில் நிற்கிறோம், என்ன மாதிரி மணக்கிறது, உடம்புக்கு என்ன செய்கிறது, எல்லாம் எழுத வேண்டும். "நாறுது" என்று எழுதினால் போதாது. அழுகிய முட்டை என்றால் ஐதரசன் சல்பைட்டாக இருக்கலாம். அழுகிய கோவா என்றால் மேர்காப்டன் வகை. நகப்பூச்சு மணம் என்றால் அசற்றோன் போன்ற கரைப்பான். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஆட்களும் இப்படிப் பிரித்து எழுதப் பழகினார்கள். நாற்றம் கடுமையாக இருக்கும்போது மட்டும் வாளி திறக்கும்.

பைகள் அமெரிக்காவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. முடிவு 2004 இல் வெளிவந்தது. 20 இற்கும் மேற்பட்ட நச்சு இரசாயனங்கள், அவற்றில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அந்த வாயுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வெளிக்காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பே அப்போது இந்தியச் சட்டத்தில் இருக்கவில்லை. வரம்பு இல்லையென்றால் மீறலும் இல்லைதானே. இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த கண்காணிப்புக் குழு இதைக் கவனத்தில் எடுத்து, நச்சு வாயுக்களுக்கு வரம்பு வகுக்குமாறு அதிகாரிகளைப் பணித்தது. 2007 இல் நீரி என்று அழைக்கப்படும் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், அந்தப் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் ஆபத்து குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று கணித்தது. 2009 நவம்பரில் இந்தியா காற்றுத் தரங்களைப் புதுப்பித்தபோது பென்சீன் முதலிய பொருட்கள் பட்டியலில் ஏறின.

எல்லாம் வாளியால்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாற்றமும் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. சில நிமிடக் காற்றை வைத்து வருடச் சராசரியைச் சொல்ல முடியாது என்று நிறுவனங்களும் அதிகாரிகளும் எல்லா நாட்டிலும் வாதாடினார்கள். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு "அப்படியென்றால் நீங்கள் வருடம் முழுக்க அளந்து காட்டுங்கள்" என்று மக்கள் கேட்கலாம். அதற்கு முன் அப்படிக் கேட்க அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஒரே கடல் அவர்களையும் எங்களையும் அடித்தது. சுனாமியை இரண்டு கரையும் சேர்ந்து ஞாபகம் வைத்திருக்கிறோம். அவர்களுடைய கொப்பியைப் பற்றி நாங்கள் கேள்விப்படவே இல்லை.

எங்கள் மாவட்டத்துக்கும் அப்படி ஒரு கொப்பி தேவைப்பட்ட காலம் இருந்தது. சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டம் இருந்தது. வருடக்கணக்கில் விவாதம், வழக்கு. 2016 இல் அரசாங்கம் அதைக் கட்டப்போவதில்லை என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னது. கட்டியிருந்தால், பத்து வருடம் கழித்து ஒரு பிள்ளைக்குத் தொய்வு வந்தால், "முந்தி உங்கட காத்து எப்பிடி இருந்த?" என்று யாராவது கேட்டிருப்பார்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள எங்களில் எத்தனை பேர் அதற்கு ஓர் இலக்கத்தைக் காட்டியிருப்போம்?

இன்றைக்கு அளப்பது இன்னும் இலகு. கிடுகுக் கூரை ஓட்டையால் வெயில் கீற்று விழும்போது தூசு மினுங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஜோன் டின்டல் என்ற விஞ்ஞானி 1860களில் இருட்டறையில் ஒளிக்கற்றை விட்டு அதைத்தான் ஆராய்ந்தார். இப்போது வரும் மலிவான உணரியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நெருப்புப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய பெட்டி. சிறிய விசிறி காற்றை உள்ளே இழுக்கும், லேசர் ஒளி படும், துணிக்கை ஒளியைச் சிதறடிக்கும், அதை ஒரு கண் எண்ணும். 2.5 மைக்றோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளை, அதாவது தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கை, பிஎம் 2.5 என்கிறோம். நுரையீரலின் அடி வரை போவது அதுதான். 2015 இல் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஆட்கள் இந்த உணரியையும் ஒரு சிறிய வைபை பலகையையும் வடிகான் பைப்பின் இரண்டு வளைவுத் துண்டுகளுக்குள் செருகி வீட்டுப் பல்கனிகளில் கட்டினார்கள். செலவு ஏறக்குறைய 30 யூரோ. இன்று அந்த வலையமைப்பு பல நாடுகளில் இருக்கிறது.

கட்டாரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் அப்படியொரு உணரியை அனுப்பிவைத்தார். பிள்ளைகளோடு சேர்ந்து பைப் துண்டுக்குள் பொருத்தினோம். ஒரு மழைக்கால விடியலில் இலக்கம் சடாரென்று ஏறியது. "சேர், பேஸ்புக்குல போடுவமா?" என்று ஒரே சத்தம். நானும் போட இருந்தேன். நல்லவேளை, ஷோன்பைனின் கடதாசி ஞாபகம் வந்தது.

ஈரம். ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கடல் உப்புத் துணிக்கை தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். உணரி அதையும் பெரிய தூசு என்று எண்ணிவிடும். கரையோர ஊரில் இது தினமும் நடக்கும். 170 வருடத்துக்கு முந்திய கடதாசியும் இன்றைய லேசரும் ஒரே இடத்தில் ஏமாறுகின்றன. அதனால் ஈரப்பதன் மானியையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம். இன்னொன்றையும் கற்றோம். வீதித் தூசு, மணல் தூசு போன்ற பருத்த துணிக்கையை இந்த உணரி ஒழுங்காகப் பிடிக்காது. அதற்கு வசலின் பூசிய வெள்ளை அட்டையும், இலண்டன்காரரின் கிண்ணமும் போத்தலும்தான் நல்லது.

உணரி நன்றாகப் பிடிப்பது புகையை. 2022 இல் கேஸ் இல்லாமல் எத்தனை வீடுகள் விறகுக்குத் திரும்பின என்று உங்களுக்குத் தெரியும். சில வீடுகள் இன்னும் திரும்பி வரவில்லை. ஒரு மாணவி உணரியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தார். 24 மணிநேரச் சராசரிக்கு இலங்கையின் 2008 வர்த்தமானி தரும் வரம்பு கனமீற்றருக்கு 50 மைக்றோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15. அடுப்பு எரிந்த நேரமெல்லாம் அந்தக் குசினி இலக்கம் இரண்டுக்கும் மேலே நின்றது. ஒரு நேர அளவை நாள் சராசரியோடு நேராக ஒப்பிடக்கூடாது என்று அவருக்குச் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "சரி சேர். ஆனா உம்மா ஒவ்வொரு நாளும்தானே அதுக்குள்ள நிக்கிற."

அடுத்த கிழமை அந்த வீட்டு அடுப்பு வெளியே பத்திக்கு மாறியது. வாப்பாவும் மாமாவும் சேர்ந்து தகரம் போட்டார்களாம். உம்மா இருமியது எத்தனையோ வருடம். தகரம் வந்தது கொப்பியில் இலக்கம் ஏறிய பிறகு.

நிறுவையில், அளவையில் குறைக்கக்கூடாது என்பது எங்களுக்கு மார்க்கம் விதித்த கடமை. கடைத் தராசுக்கு மட்டும் அது என்று நினைத்திருந்தோம். கூட்டிச் சொல்வதும் மோசடிதான், அளக்காமலே இருப்பதும் ஒரு வகையில் அப்படித்தான்.

எங்கள் பிள்ளைகளின் கொப்பி இப்போது நடக்கிறது. திகதி, நேரம், காற்றின் திசை, ஈரப்பதன், இலக்கம், யார் அளந்தது. பிழை விட்ட நாட்களையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம். திருகோணமலை மாவட்டத்தில் வேறு பாடசாலைகளும் தொடங்க விரும்பினால் கொமெண்டில் சொல்லுங்கள். கருவி ஒரு சாதாரண போனை விட விலை குறைவு. செய்முறையை நாங்கள் காட்டித் தருகிறோம். கொப்பியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். வஸ்ஸலாம்.